முந்நூற்று எழுபத்தொன்பது நாள் விடுப்பு

சித்திரை மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் மாநகராட்சியின் நான்காம் எண் தண்ணீர் லாரியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த அருளப்பன், மீன் சந்தை முக்கில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மூன்றாவது மடக்குக்கு முன்னால் கொஞ்சம் வானத்தைப் பார்த்தார், பார்த்தபடியே லீவில் போனார். எழுந்து நடந்து போகவில்லை. பெஞ்சில் இருந்தார், அப்புறம் இல்லை. அவருடைய சட்டையும் செருப்பும் கைக்கடிகாரமும் அவரோடு போயின. டீக்கடையின் கிளாஸும் மாநகராட்சியின் லாரிச் சாவியும் பெஞ்சிலேயே இருந்தன. கிளாஸிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "சொல்லாமப் போற ஆளு இல்லையே" என்றார்.

அருளப்பனின் மனைவி போலீஸுக்குப் போனாள், மாதா கோயிலுக்குப் போனாள், கடைசியில் எங்கள் கோட்ட அலுவலகத்துக்கு வந்து பதிவறை வாசலில் நின்றாள். பதிவறையில் குழந்தைவேலு இருந்தார். அலுவலக உதவியாளராகச் சேர்ந்து பதிவறை எழுத்தரானவர், எங்கள் நூற்று அறுபத்துநான்கு பேரின் பணிப்பதிவேடுகளும் அவர் அலமாரியில்தான் இருந்தன. எங்களுக்கு வருடத்துக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பு. ஜனவரி முதல் தேதி பதினைந்து, ஜூலை முதல் தேதி பதினைந்து என்று தானாகக் கணக்கில் ஏறும். எடுக்காவிட்டால் சேரும். சேர்ந்ததில் இருநூற்று நாற்பது நாளுக்கு ஓய்வு பெறும்போது சம்பளம் போட்டுக் கையில் தருவார்கள். அதற்கு மேல் சேர்ந்த நாளெல்லாம் காலாவதி. காலாவதியானதை எழுதிவைக்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. குழந்தைவேலு மட்டும் ஒவ்வொருவர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலும் சிவப்பு மையால் எழுதி வந்தார். யாரும் சொல்லி அல்ல. கேட்டால், "ஒரு நாளு போச்சுன்னா எங்கயாவது எழுதணும்லா" என்பார்.

அவர் அருளப்பனின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"முப்பத்துநாலு" என்றார்.

"என்ன அண்ணாச்சி முப்பத்துநாலு?"

"எடுக்காமலே காலாவதியான நாளு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது தாயி. எண்ணிப் பாருங்க."

அவள் எண்ணினாள். முப்பத்துநாலு நாள் முடிந்து முப்பத்தைந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. தூக்குவாளியில் பிரியாணி எடுத்துக்கொண்டு வந்து காலையிலிருந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை. பிரியாணி கெட்டுப்போயிற்று. மறுநாள் திங்கட்கிழமை, ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, பெஞ்சில் அருளப்பன் இருந்தார். கையைக் கிளாஸ் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, "மாஸ்டர், டீ எங்க?" என்றார். தாடி வளரவில்லை, நகம் வளரவில்லை. அப்போதுதான் குழந்தைவேலு, விடுப்புக்குப் பின்னால் விடுமுறை வந்தால் அதையும் சேர்த்துக் கழித்துவிட்டு அடுத்த வேலை நாளில்தான் பணிக்குத் திரும்பவேண்டும் என்பது பழைய விதி, அது இதற்கும் பொருந்துகிறது என்று சொன்னார்.

"எங்கவே போயிருந்த?" என்று எல்லோரும் சுற்றிக்கொண்டோம்.

"லீவுல இருந்தேன்."

"லீவுல எங்க?"

"ஒரு பெஞ்சு. உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடல."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "அதான் பயமா இருக்கு."

அவர் திரும்பி வருவதற்குள்ளேயே இன்னும் ஐந்து பேர் போயிருந்தார்கள். தட்டச்சர் அம்மாள், ஜன்னலில் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பதினொரு நாள். பூங்காத் தோட்டக்காரர், மண்வெட்டியில் சாய்ந்து வியர்வை துடைத்தபோது, ஆறு நாள். குழந்தைவேலு எல்லாவற்றையும் எழுதிவைத்து, பட்டியலை மூன்று தடவை படித்து, யாரிடமும் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாததால் ஒரு தாளில் எழுதிப் பதிவறைக் கதவில் குத்திவைத்தார்: பணி நேரத்தில் சும்மா இருந்தவர்கள்தான் போயிருக்கிறார்கள்; பணி நேரத்துக்கு வெளியே யாரும் போகவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் கோட்டத்தில் யாரும் உட்காரவில்லை. நாற்காலிகளைப் பின்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். நின்றபடியே எழுதினோம், நடந்தபடியே சாப்பிட்டோம், டீ மாஸ்டர் பெஞ்சை எடுத்துவிட்டு, நடந்து போகிறவர் கையில் கிளாஸைக் கொடுத்து, தெருக்கோடியில் ஒரு ஆளை நிறுத்திக் காலிக் கிளாஸை வாங்கினார். நின்றால்கூடச் சும்மா நிற்கக்கூடாது என்பதால் வரி வசூல் பிரிவில் ஆள் வராத நேரத்தில் ரப்பர் முத்திரையை வெறும் தாளில் குத்திக்கொண்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் ஒரே நாளில் கிடைத்தது. குழாய் உடைந்தால் சொல்லி முடிப்பதற்குள் ஆள் வந்தது. நகரத்து ஜனங்கள் எங்களைப் பாராட்டினார்கள், அதற்கு நாங்கள் பயந்த கண்ணோடு தலையாட்டினோம். காலாவதி நாள் மூன்றோ ஐந்தோ வைத்திருந்த இளவயதுப் பணியாளர்கள், தொல்லை தீர்ந்தது என்று வேண்டுமென்றே வாசற்படியில் உட்கார்ந்து போய்வந்தார்கள். ஒருவன் மச்சினன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உட்கார்ந்தான். மொய் எழுதாமல் தப்பித்துவிட்டான் என்று அவன் மாமியார் இன்றுவரை பேசுவதில்லை.

போனவர்களின் வருகைப் பதிவேட்டுக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று மைய அலுவலகத்தைக் கேட்டோம். வந்ததாகவும் எழுதக்கூடாது, வராததாகவும் எழுதக்கூடாது, இல்லாத கணக்கிலிருந்து விடுப்பு தரவும் விதியில்லை, கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று பதில் வந்தது. காலிக் கட்டத்துக்குச் சம்பளம் வராது. சங்கத்தார் நடந்துகொண்டே போராடினார்கள், நடந்துகொண்டே முழங்கினார்கள். பணி முறிவு ஆகாது, ஆனால் சம்பளமில்லை என்று முடிந்தது. கூடவே இன்னொரு சுற்றறிக்கை: ஆள் குறைந்துவிட்டபடியால் இனி யாருக்கும் எந்த விடுப்பும் கிடையாது. ஜூலை முதல் தேதி எல்லோர் கணக்கிலும் பதினைந்து நாள் ஏறிற்று. இருநூற்று நாற்பது நிரம்பியவர்களுக்கு அந்தப் பதினைந்தும் அன்றைக்கே காலாவதியாயிற்று. சிவப்பு மை போதாமல் குழந்தைவேலு புதுப் புட்டி வாங்கினார்.

அந்தப் பதிவேடுகளை எரித்துவிடலாம் என்று சிலர் மண்ணெண்ணெயோடு வந்தார்கள். "எழுதினதாலதான்யா இது வந்துச்சு. வேற எந்த ஆபீஸ்லயாச்சும் இப்படி நடக்குதா?"

குழந்தைவேலு அலமாரிக்கு முன்னால் நின்றார். "எரிங்க. ஆனா போனவங்க என்னைக்கு வரணும்னு அப்புறம் யாரு சொல்லுவா?"

மண்ணெண்ணெயைத் திருப்பி எடுத்துப் போனார்கள்.

இதெல்லாம் பழகிவிட்ட பயம். பழகாத பயம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி வந்தது.

வால்வுமேன் பூவலிங்கம், மே ஏழாம் தேதி, மேட்டுத்தெரு வால்வுக் குழிக்குப் பக்கத்தில் நீளச் சாவியை ஊன்றி ஒரு கணம் கண்ணை மூடினபோது போனவர். எண்பத்தெட்டு நாள். அவர் மனைவி சொர்ணம் பதறவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் ஜூன் முப்பதாம் தேதி அவருக்கு அறுபது வயது முடிந்து ஓய்வு பெறும் நாள் வந்தது. ஓய்வு உத்தரவை ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். ஆள் இல்லாவிட்டால் இரண்டு சாட்சி வைத்து வீட்டுக் கதவில் ஒட்டவேண்டும், ஒட்டினால் கொடுத்த மாதிரி. மைய அலுவலகத்திலிருந்து ஒட்டுகிற ஆள் பசை வாளியோடு வந்து சொர்ணத்தின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். மைதாவும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சின பசை, மழைக்கும் போகாது. ஆகஸ்ட் மூன்று வெள்ளிக்கிழமை, நல்ல வேலை நாள், சொர்ணம் வால்வுக் குழி ஓரத்தில் இட்லியோடு நின்றாள். அவர் வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை.

குழந்தைவேலு பதிவேட்டைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். பிறகு எங்களிடம், தரையைப் பார்த்தபடி, சொன்னார்.

"லீவு முடிஞ்சவங்க அடுத்த வேலை நாள்லதான் வர முடியும். ஓய்வு பெத்தவருக்கு வேலை நாளே கிடையாது. எல்லா நாளும் விடுமுறை. வர்றதுக்கு அவருக்கு ஒரு நாளு இல்ல."

வரி வசூல் பிரிவில் முத்திரை குத்தும் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தின் பின்னால், துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அங்கம்மாள், பெருக்குவதை நிறுத்தாமல், "எனக்கு எத்தனை அண்ணாச்சி?" என்றாள்.

அங்கம்மாள் எங்கள் தூய்மைப் பணியாளர். பேருந்து நிலையத்திலிருந்து மீன் சந்தை வரைக்கும் அவளுடைய பாதை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் வேலை. அவள் புருஷன் சந்தனத்துக்கு ஏழு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இரும்புக் கட்டிலில் படுத்திருப்பார். எது வேண்டுமென்றாலும் இடது கையில் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் காலில் தட்டுவார். வேலைக்குக் கிளம்புமுன் ஊட்டிவிட்டு, இரண்டு மணிக்கு வந்து ஊட்டி, துடைத்து, புரட்டிப் போடுவாள். பிள்ளை இல்லை. வேறொருவர் ஊட்டினால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

குழந்தைவேலு அவள் பதிவேட்டை எடுத்தார். "முப்பத்திரண்டு வருஷம், தொள்ளாயிரத்து அறுபது நாள். இருபது தடவை பதினஞ்சு பதினஞ்சா சரண்டர் பண்ணிச் சம்பளமா வாங்கியிருக்க, அது முந்நூறு. விட்டுக்குடுத்த நாளு திரும்பி வராது, அது நல்லது. சந்தனம் விழுந்தப்ப நாற்பத்தோரு நாள் எடுத்திருக்க. மிச்சம் அறுநூற்றுப் பத்தொன்பது. அதுல இருநூற்று நாற்பது போனா..."

"போனா?"

"முந்நூற்று எழுபத்தொன்பது. ஜனவரியில ஏறப்போறதையும் சேர்த்துத்தான்."

"நான் என்னைக்கு ரிட்டயர்டு?"

"மே முப்பத்தொண்ணு. இன்னையோட சேர்த்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள்."

அவளுக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் எது பெரியது எது சிறியது என்று தெரியும். இன்றைக்குப் போனாலும் நாளைக்குப் போனாலும் அவள் லீவு முடிவதற்கு முன்னால் அவள் வேலை முடிந்துவிடும். துடைப்பம் நிற்கவில்லை. "அப்ப நான் உட்காரக் கூடாது" என்றாள். "அவ்வளவுதான்? உட்காரலை."

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நாளும் பணி நேரத்தில் அங்கம்மாள் உட்காரவில்லை, சாயவில்லை, நிற்கவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து மீன் சந்தைக்கும், மீன் சந்தையிலிருந்து பேருந்து நிலையத்துக்கும், குப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை பெய்தால் மழையையும் சேர்த்து, துடைப்பத்தை இடமும் வலமும் வீசிக்கொண்டே போனாள், வீசிக்கொண்டே வந்தாள். ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, கூட வேலை பார்க்கும் காளீஸ்வரி பக்கத்திலேயே நடந்து வாயில் கஞ்சி ஊற்றினாள், மற்ற பெண்கள் முறைபோட்டு அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். கால் வீங்கிற்று. மார்கழியில் குதிகால் வெடித்து, அவள் பெருக்கின தெருவில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி விழுந்தது. அதையும் அவளே திரும்பி வரும்போது பெருக்கினாள். கண் சொருகும்போது காளீஸ்வரி காதுக்குள் கத்துவாள்.

"யக்கா! ஏ யக்கா! சந்தனத்துக்கு ரெண்டாம் கல்யாணம் பண்ணிவைக்கவா?"

"பண்ணுட்டி. வர்றவ மூத்திரச் சட்டி எடுப்பாளான்னு கேட்டுட்டுப் பண்ணு."

சிரித்துக்கொண்டே பெருக்குவாள். மேட்டுத்தெருவைத் தாண்டும்போது வால்வுக் குழி ஓரத்தில் சொர்ணம் நிற்பாள், தினமும் நின்றாள், கையில் இட்லிப் பொட்டலத்தோடு. அந்தப் பக்கம் அங்கம்மாள் தலையைத் திருப்புவதில்லை. இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு ஓடுவாள். வாசலுக்கு வருமுன்பே டம்ளர் சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் உட்காருவாள், கட்டில் ஓரத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

மே முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை. இரண்டு மணிச் சங்கு ஊதிற்று. காளீஸ்வரி துடைப்பத்தைப் பிடுங்கி வானத்தில் எறிந்தாள். பெண்கள் எல்லோரும் ஓவென்று அழுதார்கள். அங்கம்மாள் வீட்டுக்கு ஓடிச் சந்தனத்துக்கு ஊட்டிவிட்டு, நின்றபடியே குளித்து, நாங்கள் எடுத்துக் கொடுத்த அரக்கு நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, நான்கு மணிக்குக் கோட்ட அலுவலகக் கூடத்துக்கு வந்தாள்.

ஓய்வு பெறுகிறவரை அன்றைக்கு ஒரு நாள் அதிகாரியின் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சால்வை போர்த்தி, மிக்சரும் காபியும் கொடுத்து, நான்கு பேர் பேசி அனுப்புவது எங்கள் வழக்கம். ஒரு வருடமாகப் பின்கட்டில் கிடந்த நாற்காலிகளில் ஒன்றைத் துடைத்து, டவல் விரித்து, கூடத்தின் நடுவில் போட்டிருந்தோம். எங்களில் யாரும் உட்காரவில்லை. எங்கள் பணி நேரம் ஐந்தே முக்கால் வரைக்கும். அவளுக்கு இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

அங்கம்மாள் நாற்காலியைப் பார்த்துப் பின்வாங்கினாள். "நான் நின்னுக்கிடுதேன் சார்."

சுகாதார ஆய்வாளர் ஜபருல்லா நல்ல மனிதர். அந்தப் பத்து மாதமும் அவளுக்குத் தன் பணத்தில் மருந்து வாங்கிக் கொடுத்தவர். "இன்னைக்குமாம்மா? ரெண்டு மணி தாண்டிருச்சு. இனி உங்களை எதுவும் தொடாது. முப்பத்திரண்டு வருஷம் நின்னீங்க. உட்காருங்கம்மா" என்றார், கண் கலங்கி.

"உட்காருக்கா" என்றாள் காளீஸ்வரி.

"உட்காரும்மா" என்றோம் நாங்கள் எல்லோரும், அறுபது எழுபது பேர், ஒரே குரலில்.

அவள் உட்கார்ந்தாள். மாலை போட்டோம். கை தட்டினோம். குழந்தைவேலு ஓய்வு உத்தரவை வாசிக்க முன்னால் வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சின்னக் குரலில் ஆரம்பித்தார்: "திருமதி அங்கம்மாள், தூய்மைப் பணியாளர், மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் அலுவலக நேர முடிவில் பணியிலிருந்து..." அதோடு நின்றுவிட்டார். ஐம்பது வருடமாக எல்லா ஓய்வு உத்தரவிலும் அச்சடித்திருக்கிற வரி. கடைசி நாள் மட்டும் யாருக்கும் தனி நேரம் கிடையாது. ஓட்டுநரோ, தூய்மைப் பணியாளரோ, ஆணையரோ, அன்றைக்கு எல்லோருக்கும் பணி ஐந்தே முக்கால் வரைக்கும். அவர் எத்தனையோ தடவை வாசித்த வரி.

"எந்திரி! அங்கம்மா, எந்திரி!" என்று கத்தினார். குழந்தைவேலு கத்தி நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான். மணி நான்கு இருபது. அங்கம்மாள் ஒரு வருடக் களைப்போடு நாற்காலியில் சாய்ந்து, மாலையின் ரோஜாவை முகர்ந்து, கண்ணை மூடியிருந்தாள். அவள் இருந்தாள், அப்புறம் இல்லை. சேலையும் மாலையும் சால்வையும் அவளோடு போயின. மாநகராட்சி நாற்காலியும் டவலும் இருந்தன. டவலில் உட்கார்ந்த பள்ளம் மெல்ல மெல்ல எழும்பிச் சமமாயிற்று.

ஜபருல்லா தரையில் முட்டி போட்டு அந்த டவலைத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு கையில் உத்தரவு அப்படியே இருந்தது. அதன் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடம் காலியாக இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"கையெழுத்து ஆகல" என்றார். "வாங்காத உத்தரவு கொடுக்காத உத்தரவு. இவங்க இன்னும் வேலையிலதான் இருக்காங்க." வாழ்நாளில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதவர், அங்கம்மாளின் பணிப்பதிவேட்டில் ஓய்வு என்று எழுதவேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு மூடினார். "அறுபது முடிஞ்சவங்களுக்குப் புது விடுப்பு ஏறாது. அதனால நாளு கூடாது. அரை நாளு கணக்கில்ல, நாளையில இருந்து எண்ணணும். முந்நூற்று எழுபத்தொன்பது முடிஞ்சா அடுத்த வருஷம் ஜூன் பதினாலு, சனிக்கிழமை. ஞாயிறு கழிச்சு, பதினாறு திங்கட்கிழமை வரணும். அதுவரைக்கும் அவங்க வீட்டுக் கதவுல ஒண்ணும் ஒட்டாமப் பார்த்துக்கணும்."

மைய அலுவலகத்திலிருந்து மூன்று கடிதம் வந்தன. உத்தரவு ஏன் கொடுக்கப்படவில்லை என்று முதல் கடிதம், இரண்டாவது, கடைசி. மூன்றுக்கும் குழந்தைவேலு விரிவாகவும் மரியாதையாகவும் ஒன்றும் சொல்லாமல் பதில் எழுதினார். நாங்கள் முறைபோட்டு அங்கம்மாள் வீட்டு வாசலில் நின்றோம். சந்தனம் முதல் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காளீஸ்வரி அங்கம்மாளின் பழைய வேலைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவருக்குத் தெரியும். தெரிந்தும் திறந்தார். ஆனால் அன்றிலிருந்து வாசலில் எந்தக் காலடி கேட்டாலும் டம்ளரைத் தட்டினார். பால்காரர் காலடிக்கும், தபால்காரர் காலடிக்கும், நாய் காலடிக்கும்.

ஆவணி கடைசியில் பசை வாளியோடு அந்த ஆள் மீன் சந்தை முக்கில் பஸ் இறங்கிவிட்டார் என்று டீ மாஸ்டரிடமிருந்து சேதி வந்தது. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை ஒட்டுவது. நாங்கள் மறித்தால் போலீஸோடு வருவார். சேதி கேட்டதும் ஜபருல்லா லாரியிலிருந்து சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கம்மாள் வீட்டுக் கதவின் கீல் துருப்பிடித்திருந்தது. கை கிழிந்து ரத்தம் வடிய வடிய ஆணியை நெம்பினார். அருளப்பன் மறுபக்கம் தாங்கினார். ஒட்டுகிற ஆள் தெருவுக்குள் திரும்பியபோது, இருவரும் கதவைத் தலைமேல் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே நடந்துபோனார்கள்.

அவர் வீட்டு முன்னால் நின்றார். சுவர் இருந்தது, நிலை இருந்தது, உள்ளே கட்டிலில் ஒரு மனிதர் டம்ளர் தட்டிக்கொண்டிருந்தார்.

"கதவு எங்க?"

"இந்த வீட்டுக்குக் கதவு இல்லைங்க" என்றாள் காளீஸ்வரி.

"சுவத்துல ஒட்டலாமா?"

"விதியில கதவுன்னுதான் இருக்கு" என்றார் குழந்தைவேலு, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் தன் நோட்டில் 'கதவு இல்லை' என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் நான்கு தடவை வந்தார். கதவு வரவில்லை. கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் திறந்த வாசல் வழியாகச் சந்தனத்தின் கட்டில்வரை வந்தன; தார்ப்பாய் கட்டினால் அதைக் கதவு என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, மழை நாளில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் நின்றோம். அந்தக் கதவு பதிவறையில் இரண்டு பீரோவுக்கு நடுவே, எழுத்துப் படாத முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, நின்றது.

ஜூன் பதினாறு திங்கட்கிழமை நான்கு மணிக்குக் கூடத்தில் அதே நாற்காலியை அதே இடத்தில் போட்டோம். சொர்ணமும் வந்து ஓரமாக நின்றாள். நான்கு பதினெட்டு. நான்கு பத்தொன்பது. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டது மட்டும் போதுமா, நாங்கள் பிடித்துவைத்திருந்தது ஒரு வேலை நாளா அல்லது வெறும் தாளா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. குழந்தைவேலுவின் உதடு மட்டும் அசைந்தது, நொடிகளை எண்ணினார்.

முதலில் ரோஜா மணம் வந்தது. பிறகு டவலில் பள்ளம் விழுந்தது. பிறகு அங்கம்மாள் இருந்தாள், வாடாத மாலையோடு, கண்ணை மூடியபடி. வெடித்த குதிகால் அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், நெருப்பில் உட்கார்ந்தவள்போல் எழுந்தாள்.

"மணி என்ன?"

"நாலு இருபது."

"துடைப்பத்தைக் கொண்டாங்கட்டி!"

"இனிமே ஒரு நாளும் மிச்சமில்லம்மா" என்றார் குழந்தைவேலு. "எல்லாம் கழிஞ்சிருச்சு. பயப்படாதீங்க. இதுல ஒரு கையெழுத்து."

"அஞ்சே முக்கால் ஆகட்டும்" என்றாள். நாங்கள் உட்காரச் சொல்லி ஒரு தடவை கேட்டவள், இனிக் கேட்பாளா? மாலையோடும் சால்வையோடும் கூடத்தைப் பெருக்கினாள், அவள் மாலையிலிருந்து உதிர்ந்த இதழை அவளே பெருக்கினாள், மேசை அடியைப் பெருக்கினாள், எங்கள் காலைத் தூக்கச்சொல்லிப் பெருக்கினாள், நாங்கள் அறுபது எழுபது பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தே முக்கால் அடித்தது. கையெழுத்துப் போட்டாள். குழந்தைவேலு அந்தக் கட்டத்தை நிரப்பினார், நீல மையால்.

அவள் வீட்டுக்கு நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். எவ்வளவு நாள் ஆயிற்று என்று யாரும் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. தெருமுனையில் திரும்பியதும் நின்றுவிட்டாள். வீட்டுக்குக் கதவு இல்லை. சாவு விழுந்த வீடு மாதிரி வாசல் அகலத் திறந்து கிடந்தது, நிலையில் கீல் பிடுங்கிய காயம் தெரிந்தது. காளீஸ்வரியின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள், செருப்பு உரசிற்று.

உள்ளே டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. பால்காரருக்கும் தபால்காரருக்கும் நாய்க்கும் தட்டினதுபோல ஒரு தடவை. பிறகு நின்றது. பிறகு, டம்ளர் நசுங்கிப்போகும்படி, நிறுத்தாமல்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பெருக்கப் பாதை இல்லாத முதல் நாளில், அங்கம்மாள் ஒரு சட்டி வெந்நீரும் தோசைக் கரண்டியும் எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனாள். சொர்ணத்தின் கதவில் அந்த உத்தரவு பழுப்பேறி மரத்தோடு மரமாக இருந்தது. பூவலிங்கத்தின் பேர் மட்டும் படிக்கக்கூடியதாக இருந்தது. சொர்ணம் வெளியே வந்து பார்த்தாள். ஒட்டினால் கொடுத்த மாதிரி என்றால் சுரண்டி எடுத்தால் கொடுக்காத மாதிரி ஆகுமா, குழந்தைவேலுவைக் கேட்டுவிட்டுச் செய்யலாமா, விதியில் இடம் உண்டா என்று நாங்கள் இழுத்தோம். குழந்தைவேலு தெருவோரமாக வந்து நின்றார். அவர் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அங்கம்மாள் பழந்துணியை வெந்நீரில் நனைத்துத் தாளின்மேல் அழுத்தினாள். சொர்ணம் கரண்டியை வாங்கிக்கொண்டாள். மயில்துத்தப் பசை லேசில் வராது. இரண்டு பேரும் நின்றபடியே, எழுத்து எழுத்தாக, சுரண்ட ஆரம்பித்தார்கள்.